வீட்டோடு ஒட்டிய பட்டறை: புகை எந்த வழியால் போகிறது?

வடக்கிலும் கிழக்கிலும் மீள்குடியேறிய ஊர்களில், வீட்டுத்திட்ட வீட்டின் பக்கச் சுவரோடு தகரப் பத்தி இறக்கி, அதற்குள் வெல்டிங் வேலையோ மோட்டார் சைக்கிள் திருத்தமோ செய்வது இன்று வழமையான காட்சி. வீதியோரத்தில் கடை எடுக்க முற்பணம் இல்லை. போரில் காலை இழந்தவருக்குத் தினமும் நகரத்துக்குப் போய்வருவது கடினம். வாழ்வாதார உதவியாக இயந்திரம் கிடைத்தவருக்கும் அதை வைப்பதற்கு வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை. ஆகவே, வீட்டோடு பட்டறை வைக்காதீர்கள் என்று சொல்வதில் பயனில்லை. அந்தப் பட்டறையின் புகை, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் பிள்ளையிடம் போகாமல் தடுப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

நான் பல வருடங்கள் வாகனத் திருத்த வேலை செய்தவன். இப்போது இளைஞர்களுக்கு அந்த வேலையைப் பழக்குகிறேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் இயந்திரங்களை ஓட்டிய தலைமுறை எங்களுடையது. புகை என்பது தொழிலோடு சேர்ந்து வருவது என்று பழகிவிட்டோம். ஆனால் அன்று அந்தப் புகை பெரும்பாலும் வெளியில்தான் போனது. இன்று பட்டறையும் படுக்கை அறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

எல்லாப் புகையும் ஒன்றல்ல

வெல்டிங் புகை என்பது உருகிய உலோகத்தின் மிக நுண்ணிய துகள்கள். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017ஆம் ஆண்டில் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. டீசல் புகை 2012இலேயே அதே தொகுதிக்குப் போய்விட்டது. நாகமுலாம் பூசிய ஜீ.ஐ. குழாயை ஒட்டும்போது எழும் வெள்ளைப் புகை, சில மணி நேரம் கழித்து நடுக்கம், காய்ச்சல், உடல்வலியைக் கொண்டுவரும். ஓரிரு நாளில் அது தணிந்துவிடுவதால் பலர் சாதாரணத் தடிமன் காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் இரண்டு அங்குலமாவது முலாமைச் சுரண்டி நீக்கினால் இந்தப் புகை வெகுவாகக் குறையும். அதையும் வெளியில் வைத்தே செய்யுங்கள்.

இயந்திரம் ஓடும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்க வேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கு மேலான பிடிப்போடு இது பிடித்துக்கொள்கிறது. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

தின்னர், பெற்றோல் ஆவிகள் காற்றைவிடப் பாரமானவை. அவை நிலத்தோடு தவழ்ந்து கதவின் கீழ் இடைவெளியால் வீட்டுக்குள் போகும். பற்றரி சார்ஜ் பண்ணும்போது வரும் ஐதரசன் இலேசானது. கூரையின் கீழ் தேங்கும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றக்கூடியது.

சுவருக்கு மேலால் ஒரு வழி

எங்கள் வீடுகள் பலவற்றில் சீலிங் இல்லை. அறைகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரைக்கும் போவதும் இல்லை. மேலே ஒரு முழ இடைவெளியோ காற்றுத் துளைகளோ இருக்கும். வெக்கை போவதற்காக விட்ட அந்த வழியாலேயே பட்டறையின் சூடான புகை மேலெழுந்து அறைக்குள் இறங்குகிறது. நடுக்கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இது நிற்காது.

எனவே பட்டறைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சுவரைக் கூரை வரை அடைப்பதே முதல் வேலை. கல் வைத்துக் கட்டலாம். தட்டையான தகரத்தால் மூடிச் சாந்து பூசலாம். பொறி பறக்கும் இடத்தில் பலகை, படங்கு, கிடுகு வேண்டாம். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூசியும் நுரையீரலுக்குக் கேடு. வீட்டுப் பக்கமுள்ள நடுக்கதவின் கீழ் ஓர் இறப்பர் பட்டியை அடித்துவிடுங்கள்.

விசிறி ஊத வேண்டுமா, இழுக்க வேண்டுமா?

நான் போகும் பட்டறைகளில் அடிக்கடி காண்பது, வாசலில் ஒரு நிற்கும் விசிறி வெளிக்காற்றை உள்ளே ஊதிக்கொண்டிருப்பது. வேலை செய்பவருக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் உள்ளே தள்ளும் காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். அது கிடைக்கும் இடைவெளிகளால், புகையையும் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குள் போகும். மேலே சுழலும் விசிறி புகையைக் கலக்குமே தவிர வெளியேற்றாது.

விசிறி பட்டறையின் காற்றை வெளியே இழுக்க வேண்டும். அப்போது பட்டறைக்குள் காற்றழுத்தம் சற்றுக் குறையும். இடைவெளிகளால் வீட்டுக் காற்று பட்டறைப் பக்கம் வருமே தவிர, பட்டறைக் காற்று வீட்டுக்குப் போகாது. விசிறிக்கு எதிர்ப் பக்கத்தில், வெளியிலிருந்து காற்று வருவதற்கு விசிறியின் அளவுக்குக் குறையாத ஒரு திறப்பு வேண்டும். நல்ல காற்று முதலில் உங்களைத் தொட்டு, பிறகு வேலையைத் தொட்டு, விசிறிக்குப் போக வேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு: 20 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமான பட்டறையின் கொள்ளளவு 2,400 கனஅடி. நிமிடத்துக்கு 400 கனஅடி இழுக்கும் விசிறி, அவ்வளவு காற்றையும் வெளியேற்ற 6 நிமிடம் எடுக்கும். மணிக்குப் பத்துத் தடவை. வாங்கும்போது பெட்டியில் இந்த அளவைப் பாருங்கள். இழுக்கும் விசிறியின் பலம் சிறிது தூரத்திலேயே குறைந்துவிடும். ஆகவே வெல்டிங் மேசையை விசிறிக்குக் கிட்ட வையுங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். தின்னரோ பெற்றோலோ திறந்திராத நேரத்தில் விசிறியைப் போட்டு, நடுக்கதவை ஒரு விரல் அளவு திறந்து, அந்த இடைவெளியில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை பட்டறைப் பக்கம் சாய்ந்தால் சரி. வீட்டுப் பக்கம் சாய்ந்தால் இன்னும் எங்கோ பிழை இருக்கிறது.

சோளகமும் வாடையும்

சோளகம் பலமாக வீசும் மாதங்களில் தெற்கு நோக்கிய விசிறி காற்றோடு மல்லுக்கட்டும். வாடைக் காலத்தில் வடக்கு நோக்கியதற்கு அதே கதி. முடிந்தால் இரண்டு பக்கமும் திறப்பு விட்டு, பருவத்துக்கு ஏற்ப விசிறியை மாற்றிப் பூட்டுங்கள். காற்று வரும் பக்கம் உள்வழி, காற்று போகும் பக்கம் வெளிவழி. வெளிவழி உங்கள் யன்னலுக்கோ அயலவரின் யன்னலுக்கோ நேரே இருக்கக் கூடாது.

எந்த விசிறிக்கும் அடங்காதவை

மின்பிறப்பாக்கியைப் பட்டறைக்குள் ஓட்டாதீர்கள். 2022இல் நீண்ட மின்வெட்டுகள் வந்தபோது பலர் அதை வாங்கினார்கள். கதவு, யன்னல் எல்லாம் திறந்திருந்தாலும் உள்ளே நஞ்சுக்காற்று சேரும். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். மோட்டார் சைக்கிளையும் முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு போய் ஸ்ரார்ட் செய்து சோதியுங்கள்.

இறுக்கி கலந்து அடிக்கும் இரண்டு கலவைப் பெயின்ற்றில் ஐசோசயனேற்று இருக்கிறது. ஒருமுறை அது ஆஸ்துமாவைத் தொடக்கிவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு இழுக்கும். இதை வீட்டோடு ஒட்டிய இடத்தில் அடிக்கவே வேண்டாம். தின்னர் வேலையும் வெளியில்தான்: சாதாரண விசிறியின் மோட்டார்ப் பொறியே அந்த ஆவியைப் பற்றவைக்கப் போதும்.

ஈரத் துணியோ லேஞ்சியோ வாயுவைத் தடுக்காது. என்95 முகக்கவசம் வெல்டிங் துகளில் பெரும்பகுதியைப் பிடிக்கும். தின்னரையும் காபன் மொனொக்சைட்டையும் பிடிக்காது. பால் குடித்தால் புகை கழுவுப்பட்டுவிடும் என்பது வெறும் நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது.

நெஞ்சில் குண்டுத்துண்டோடு வாழ்பவர், ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணி, சிறுபிள்ளை, முதியவர் இருக்கும் வீட்டில் இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். பட்டறையில் ஒருவர் மயங்கினால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

காசில்லாமல் இன்றே தொடங்கக் கூடியவை பல: இயந்திரத்தை வெளியே எடுப்பது, விசிறியின் முகத்தைத் திருப்புவது, தின்னர்ப் பேணியை மூடி வெளிக்கொட்டிலில் வைப்பது, வேலை உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது. அடுத்து கொஞ்சக் காசு கிடைத்தால் சுவரின் மேல் இடைவெளியை அடையுங்கள். விசிறி வாங்குவது அதற்குப் பிறகுதான். சுவர் திறந்திருக்கும்வரை, எவ்வளவு பெரிய விசிறியும் பாதி வேலைதான் செய்யும்.