லண்டன் பஸ்ஸில் காசு செல்லாமல் போன கதை

கையில் பணம் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் ஏற முடியாது. 2014 ஜூலை 6 முதல் லண்டன் நகரப் பேருந்துகளில் இதுதான் விதி. அன்றிலிருந்து ஓட்டுநர் நாணயமோ நோட்டோ வாங்குவதில்லை.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 2003-ல் ஆய்ஸ்டர் என்ற அட்டை அறிமுகமானது. முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொண்டு, ஏறும்போது கருவியில் தொட்டால் போதும். சில்லறைச் சண்டை இல்லை, பஸ் நின்று நேரமும் போவதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் மக்களை அட்டைக்கு மாற்ற நிர்வாகம் பிடித்த வழியைக் கவனிக்க வேண்டும். காசு கொடுப்பவருக்குக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். 2014-ல் அட்டைக்காரருக்கு 1.45 பவுண்ட், அதே பயணத்துக்குக் காசு கொடுத்தவருக்கு 2.40 பவுண்ட்! அட்டை வாங்கவே 5 பவுண்ட் முன்பணம் வேறு. அன்றாடம் கூலி வாங்கிச் செலவு செய்பவருக்கு அது சின்னத் தொகையா?

இப்படி விலையால் தள்ளிவிட்ட பிறகு, பயணங்களில் சுமார் ஒரு சதவீதம்தான் காசில் நடக்கிறது, ஆகவே நிறுத்துகிறோம் என்றது நிர்வாகம். ஆண்டுக்கு 24 மில்லியன் பவுண்ட் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. வணிகக் கணக்காகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் லண்டனில் அந்த ஒரு சதவீதமே ஒரு நாளைக்குப் பல பத்தாயிரம் பயணங்கள். நடுராத்திரி அட்டையில் பணம் தீர்ந்தவர், முதியவர், ஊருக்குப் புதியவர் எல்லாம் அதில் அடக்கம்.

எதிர்ப்பு வந்ததால் சில சலுகைகள் கிடைத்தன. அட்டையில் மீதி கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தாலும் இன்னும் ஒரு பயணம் போகலாம், அடுத்த முறை பணம் ஏற்றும்போது அதைக் கழித்துக்கொள்வார்கள். ஆதரவற்ற நிலையில் நிற்பவரை இறக்கிவிடக் கூடாது என்று ஓட்டுநர்களுக்கு வழிகாட்டுதலும் தரப்பட்டது.

பலர் கவனிக்காத அநியாயம் இன்னொன்று உண்டு. வங்கி அட்டையைத் தொட்டுப் பயணம் செய்பவருக்கு 2014-லேயே வார உச்சவரம்பு வந்துவிட்டது. அதாவது திங்கள் முதல் ஞாயிறு வரை குறிப்பிட்ட தொகைக்கு மேல் எத்தனை முறை போனாலும் கூடுதலாகப் பிடிக்க மாட்டார்கள். வங்கிக் கணக்கு இல்லாமல் ஆய்ஸ்டரில் பத்தும் இருபதுமாக ஏற்றிக்கொள்பவருக்கு இது இல்லை. வாரச் சீட்டை மொத்தமாக முன்பணம் கட்டி வாங்கினால்தான் லாபம். மொத்தமாகக் கட்ட முடிந்தால் அவர் ஏன் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப் போகிறார்?

அந்தச் சலுகை ஆய்ஸ்டருக்கு வந்தது 2021 செப்டம்பரில். ஏழு வருடம் கழித்து. அடுத்த ஆண்டே, 2022-ல், புது அட்டையின் விலை 7 பவுண்ட் ஆனது.