கட்டியதும் 5 வருஷம், ஓடியதும் 5 வருஷம்: 'சூ சிட்டி' போர்க்கப்பலின் கதை

மூன்று தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 2014 பிப்ரவரி 19: கப்பலுக்குக் கீல் வைத்தார்கள். 2018 நவம்பர் 17: அமெரிக்கக் கடற்படையில் சேர்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 14: பணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். கணக்கு போட்டா, கட்ட எடுத்துக்கிட்ட காலமும் நாலே முக்கால் வருஷம், வேலை பார்த்த காலமும் நாலே முக்கால் வருஷம்தான்! 25 வருஷம் ஓட வேண்டிய கப்பல் அது. ஏன் இப்படி ஆச்சு?

'சூ சிட்டி' (ஐயோவா மாநிலத்தில் உள்ள ஊரின் பெயர்) லிட்டோரல் காம்பாட் ஷிப் வகையைச் சேர்ந்தது. லிட்டோரல் என்றால் கரையோரம். சோவியத் யூனியன் உடைந்த பிறகு நடுக்கடலில் மோத பெரிய எதிரி இல்லை. இனி ஆபத்து கரையோரத்தில்தான் என்று நினைத்தார்கள்: ஏவுகணைப் படகுகள், கண்ணிவெடிகள், சிறிய டீசல் நீர்மூழ்கிகள். சின்னதா, வேகமா, நிறைய கப்பல் வேணும்னு அட்மிரல் ஆர்தர் செப்ரோவ்ஸ்கி போன்றவர்கள் வாதாடினார்கள். 2001 நவம்பரில் திட்டம் அறிவிக்கப்பட்டது.

மூன்று வாக்குறுதிகள் கொடுத்தார்கள். ஒன்று, 40 நாட் வேகம், அதாவது மணிக்கு சுமார் 74 கிலோமீட்டர். இரண்டு, ஆயுதத் தொகுப்பை மாற்றிக்கொள்ளும் வசதி: இன்னிக்கு கண்ணிவெடி அகற்றும் கப்பல், கருவிகளை மாத்திட்டா நாளைக்கு நீர்மூழ்கி வேட்டைக் கப்பல். டென்மார்க் கடற்படை சிறிய கப்பல்களில் ஏற்கனவே செய்து காட்டிய யோசனைதான் இது. மூன்று, கப்பலை ஓட்ட 40 பேர் போதும். பெரிய டிஸ்ட்ராயரில் 300 பேர் இருப்பார்கள்.

வம்பு ஆரம்பிச்சது வேகத்துலதான். கப்பலின் வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் எஞ்சின் சக்தி தோராயமாக எட்டு மடங்கு வேண்டும். அதனால் சாதாரணப் பயணத்துக்கு இரண்டு டீசல் எஞ்சின், முழு வேகத்துக்குக் கூடவே விமானங்களில் இருப்பது மாதிரி இரண்டு கேஸ் டர்பைன் என்று வைத்தார்கள். இந்த இரண்டு வகை சக்தியையும் சேர்த்து, தண்ணீரைப் பின்னால் பீய்ச்சும் வாட்டர்ஜெட்டுகளுக்குக் கொடுப்பது 'கம்பைனிங் கியர்' என்ற பல்சக்கரப் பெட்டி. அதன் கிளட்ச் பேரிங்குகள்தான் இந்த வகைக் கப்பல்களைக் கவிழ்த்தன. கியர் மக்கர் பண்ணினா கப்பல் ஓடும், ஆனா வேகம் போயிடும். எதுக்காக இவ்வளவு செலவு பண்ணாங்களோ, அதுவே போயிடும்.

'சூ சிட்டி' கட்டப்பட்டது கடலோரத்தில் இல்லை. விஸ்கான்சினில், மெனோமினி நதிக்கரையில் உள்ள மேரினெட் என்ற ஊரில். 2016 ஜனவரிக் குளிரில், பக்கவாட்டில் சாய்த்து அப்படியே ஆற்றுக்குள் தள்ளினார்கள். அந்தத் தளத்தின் அப்போதைய வழக்கம் அது. அங்கிருந்து பெரும் ஏரிகளையும் செயின்ட் லாரன்ஸ் நதியையும் கடந்துதான் அட்லாண்டிக்குக்கு வர வேண்டும்.

வேலை செய்யாத கப்பல் என்று சொல்லிவிட முடியாது. புளோரிடாவின் மேபோர்ட்டிலிருந்து கரீபியன் கடலுக்குப் போய் போதைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டது. 2022ல் ஐரோப்பாவுக்கும் மத்திய கிழக்குக்கும் சென்றது. இந்த வகையில் அந்தப் பகுதிகளுக்குப் போன முதல் கப்பல் அதுதான்.

அதே 2022ல்தான் தலையெழுத்தும் மாறியது. இழுத்துச் செல்லும் சோனார் இந்தக் கப்பல்களுக்கு ஒத்துவராததால் நீர்மூழ்கி எதிர்ப்புத் தொகுப்பு கைவிடப்பட்டது. கியர் பழுதைச் சரிசெய்யும் செலவு இன்னொரு பக்கம். இதற்குள் கவலை கரையோரப் படகுகளிலிருந்து சீனாவின் பெரிய கடற்படைக்கு மாறியிருந்தது. ஒரே வீச்சில் ஒன்பது கப்பல்களை ஓய்வுக்கு அனுப்பக் கடற்படை கேட்டது. நாடாளுமன்றம் சிலவற்றைத் தடுத்தது. 'சூ சிட்டி' தப்பவில்லை.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் முக்கியமான வருஷம் 2023 இல்லை, 2010. அந்த டிசம்பரில், போட்டியிட்ட இரண்டு வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக, இரண்டிலும் பத்துப் பத்து கப்பல் வாங்க முடிவெடுத்தார்கள். அப்போது மூன்று ஆயுதத் தொகுப்பில் ஒன்றுகூட முழுமையாகத் தயாராகவில்லை. முதல் கப்பல் 'ஃப்ரீடம்' சேவைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒண்ணை ஓட்டிப் பார்த்து, குறையைத் திருத்தி, அப்புறம் அடுத்ததைக் கட்டுறதுதான் காலங்காலமா கப்பல் கட்டுறவங்க முறை. அந்தப் பொறுமை இங்கே இல்லை.

திருத்தப்பட்ட கியரோடு 'மினியாபொலிஸ் செயின்ட் பால்' கப்பல் 2021 நவம்பரில் கடற்படையின் கைக்கு வந்தது. அதாவது தீர்வு கிடைக்காமல் இல்லை. கிடைத்தபோது 'சூ சிட்டி' கடலுக்கு வந்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவு.