சேமித்தவரும் எழுதியவரும்: பக்க வரலாற்றை வாசிப்பது குறித்து

2017ஆம் ஆண்டுக் கோடையில் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரே சாயலுள்ள பயனர் பெயர்கள் கூட்டமாக வந்து சேர்ந்தன. முன்னால் ‘டிஎன்எஸ்இ’ என்ற எழுத்துகள், நடுவில் ஓர் ஆசிரியரின் பெயர், கடைசியில் மாவட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம். ஆசிரியர்களுக்குப் பள்ளிக்கல்வித் துறை சார்பில் மாவட்டந்தோறும் நடந்த பயிற்சியின் தடம் அது. தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியதும் அந்த ஆண்டு மே மாதத்தில்தான். இந்தக் கணக்குகளை வைத்து எட்டப்பட்ட ஒரு முடிவு இன்று கேள்வியின்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. பக்கத்துக்கு ஒரு பெயர்தான் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் பெரும்பாலான கணக்குகள் ஓய்ந்துவிட்டன. எனவே அங்கே நடந்தது மேலிட உத்தரவுக்கு ஆற்றிய பணி, கூட்டுக் கற்றல் அன்று என்பது அந்த முடிவு. கோவை, ஈரோடு, நாமக்கல் ஆசிரியர்களின் பக்கங்களுக்கும் இதே தீர்ப்புதான். சான்றில் குறையில்லை, அதை வாசித்த விதத்தில்தான் குறை என்பது என் வாதம்.

பக்க வரலாறு எதைப் பதிவு செய்கிறது? சேமி என்ற பொத்தான் அழுத்தப்பட்ட நொடியை, அப்போது உள்நுழைந்திருந்த கணக்கை, பைட் கணக்கில் கூடியதையும் குறைந்ததையும், தொகுத்தவர் விரும்பினால் எழுதும் ஒரு வரிச் சுருக்கத்தை. வாக்கியம் யாருடையது என்று அது சொல்வதில்லை. ஒரு கணினிக்கு முன் இருவர், மூவர் அமர்வது நம் பயிற்சிக் கூடங்களில் அன்றாட வழக்கம். ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொருவர் ஊர்ப் பெயரைத் திருத்துவார், மூன்றாமவர் கோயில் தலபுராணத்தில் பார்த்ததைச் சொல்வார். வரலாற்றில் ஏறுவது ஒரே பெயர். அந்த ஒற்றைப் பெயரைத் தனிமைக்குச் சான்றாகக் கொள்வது, கூட்டு வேலையை அளக்க முடியாத கருவியால் அளந்துவிட்டு அது இல்லை என்று அறிவிப்பதாகும். 2017 கூடங்களில் எல்லா இருக்கையிலும் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல அந்த ஆவணத்துக்குத் தகுதியில்லை என்பதே என் வாதம்.

பெயரமைப்பை அதிகார முத்திரையாகக் காண்பதும் அவசர வாசிப்பு. விக்கிப்பீடியாவில் ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க இயல்பாக இடமில்லை. ஒரு கூடத்தில் பத்துப் பேர் சேர்ந்தாலே முன்னேற்பாடு தேவை. விதிவிலக்கு பெற வேண்டும், அல்லது அனுமதி உள்ளவர் கணக்குகளைத் தொடங்கித் தர வேண்டும். அத்தகைய ஏற்பாட்டில் முன்னொட்டும் மாவட்டச் சுருக்கமும் நடைமுறை வசதி. எந்த மாவட்டத்துக் கட்டுரைக்கு உதவி தேவை என்று மூத்த பயனர்கள் ஒரு பார்வையில் அறிய அது வழி தந்தது.

பைட் அளவுகளை ஒப்பிட்டவர்கள் இன்னொரு தவறும் செய்தார்கள். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். ‘கோவை’ பன்னிரண்டு பைட்; அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து. ஆங்கில வகுப்பறைத் திட்டங்களுக்கு வகுத்த அளவுகோலைத் தமிழ்ப் பக்கத்தின் மேல் வைத்து எழுதிய அட்டவணைகள் இதனாலேயே பயனற்றவை.

ஒற்றைப் பெயர் கூட்டுழைப்பை மறைப்பது இணையம் வந்தபின் தொடங்கியதும் அன்று. தி.சு. அவினாசிலிங்கம் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் எடுத்த கலைக்களஞ்சியத்துக்கு, மொடக்குறிச்சிப் பக்கத்தைச் சேர்ந்த பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. தூரன் பெயர் முன்னால் நிற்பதால் அது தனியொருவர் நூல் என்று எவரும் எழுதியதில்லை. பல்துறை அறிஞர்கள் எழுதியது என்று நமக்குத் தெரிந்திருப்பதால் பெயரைத் தாண்டிப் படிக்கிறோம். ஆசிரியர் பயிற்சிக் கூடத்துக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன் இல்லை?

வகுப்பறைக்குள் விக்கிப்பீடியாவைக் கட்டாயப்படுத்தினால் நகலெடுப்புதான் மிஞ்சும் என்போர் 2011இல் புனேயில் நடந்த இந்தியக் கல்வித் திட்டத்தைக் காட்டுவார்கள். பதிப்புரிமை மீறல் பெருகி அத்திட்டம் அதே ஆண்டில் நின்றது உண்மை. அங்கே மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக ஆங்கிலத்தில் எழுதினார்கள். வெட்டி ஒட்ட ஆங்கில இணையத்தில் பஞ்சமில்லை. அவிநாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றைப் பற்றி எழுத உட்கார்ந்த ஆசிரியருக்கு நகலெடுக்கவே ஒன்றும் கிடைத்திராது. இந்த ஒப்பீட்டை இதற்கு மேல் நீட்டத் தேவையில்லை. கணக்குகள் ஓய்ந்தன என்ற குற்றச்சாட்டும் நிற்காது. தாமாக வரும் புதுப் பயனர்களிலும் பெரும்பாலோர் ஓரிரு தொகுப்போடு நின்றுவிடுகிறார்கள். பயிற்சிக்கு வந்தவர்களில் சிலரோ ஆண்டுகள் தாண்டியும் எழுதினார்கள்.

இந்த வாசிப்புப் பிழை விக்கியோடு நிற்கவில்லை என்பதால்தான் இவ்வளவு வாதம். கொரோனாக் காலத்தில் வகுப்புகள் கூகுள் கிளாஸ்ரூமுக்கும் கூகுள் டாக்ஸுக்கும் நகர்ந்தபோது பங்கேற்பை அளக்க அதே பதிப்பு வரலாறு கைக்கு வந்தது. இணைப்பு வழியே உள்நுழையாமல் எழுதிய எல்லோரையும் டாக்ஸ் ஒரே பெயரிலிக் கூட்டமாகக் காட்டும். உள்நுழைந்தால் கதை வேறு. சோமனூர், பல்லடம் விசைத்தறிக் குடும்பங்களில் அலைபேசி அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்; அது திரும்பும் இரவு நேரத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே கணக்கில் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி தரவு இலவசம் என்று 2021 ஜனவரியில் அரசு அறிவித்தது; பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கருவி இலவசமாக இருந்தது, கருவியைத் திறக்கும் பொருள் இலவசமாக இல்லை. இந்த நிலையில் ‘மூவரில் ஒருவரே எழுதினார்’ என்று பதிப்பு வரலாறு காட்டியதை நம்பி மதிப்பெண் குறைத்தால், அது வீட்டின் வறுமைக்குப் போட்ட மதிப்பெண்.

மாற்று என்ன என்ற கேள்வி நியாயமானது. விக்கியில் உரையாடல் பக்கம் இருக்கிறது. மேற்கோள் கேட்டும், தலைப்பை மாற்றச் சொல்லியும், பதிப்புரிமை பற்றி எச்சரித்தும் மூத்தவர்கள் எழுதியவை, அவற்றுக்கு ஆசிரியர்கள் தந்த மறுமொழிகள், மறுமொழி இல்லாத மௌனங்கள் எல்லாம் அங்கே கிடக்கின்றன. கூட்டுக் கற்றலைத் தேடுபவர் முதலில் போக வேண்டிய இடம் அது.  அதுவும் முழுச் சான்று ஆகாது; பெஞ்சில் நடந்த பேச்சு அதில் ஏறாது.

ஆகவே பெருந்துறை, திருமூர்த்தி நகர், உத்தமசோழபுரம் ஆகிய இடங்களில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். கணினிப் பயிற்சி நாள்களின் வருகைத் தாள்கள் இருந்தால் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இனி நடக்கும் பயிற்சிகளில் எந்தக் கணினியில் யார் யார் சேர்ந்து அமர்ந்தார்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.