‘இவுக எந்த ஆளுக?’
கொந்தகை மண்டையோடுகளும் ஐரோப்பிய உடற்கூறியலும்

எங்கள் ஊர் கோவிலூருக்கு வேதாந்த மடத்தால்தான் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ‘நான் உடம்பு அல்ல’ என்பதைத் தமிழிலேயே பாடம் சொல்லி வந்த மடம் அது. அந்த மடம் இருக்கிற ஊரில், 2025 ஜூலையில் ஒருநாள், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குப் பெரியப்பா முறையாகிற ஒருவரிடம் செல்போனில் இரண்டு முகங்களைக் காட்டினேன். கீழடியை ஒட்டிய கொந்தகை இடுகாட்டில் தாழிகளுக்குள் கிடைத்த இரண்டு ஆண் மண்டையோடுகளிலிருந்து, இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் முக ஆய்வகம் உருவாக்கிய முகங்கள். வெகுநேரம் பார்த்தார். “மொகமெல்லாம் நம்ம பக்கத்து மொகந்தான்” என்றார். அப்புறம் மெதுவாக, “அது சரி தம்பி, இவுக எந்த ஆளுக?” என்று கேட்டார்.

‘எந்த ஆளுக’ என்றால் என்ன அர்த்தம் என்று தென்மாவட்டத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சிரித்துவிட்டேன். படித்தவன் சிரிக்கிற சிரிப்பு அது. வீட்டுக்கு வந்து யோசிக்கையில்தான் அந்தச் சிரிப்பில் ஒரு பொய் இருப்பது பட்டது. பெரியப்பா கேட்ட கேள்வியை, வேறு சொற்களில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் உடற்கூறியல் அறைகள் நூற்றைம்பது ஆண்டுகளாக நம் முன்னோரின் எலும்புகளிடம் கேட்டு வந்திருக்கின்றன. கேட்டவர்கள் யார், பதிலை என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

1

1876இல் பெர்லினைச் சேர்ந்த ஃபியோதோர் யாகோர் என்ற பயணி தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூருக்கு வந்தார். திருநெல்வேலி கலெக்டரும் உடன் இருந்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட வகை மண்பாண்டங்கள், இரும்புக் கருவிகள், ஏராளமான எலும்புகள், மண்டையோடுகள் என்று தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணம் எழக்கூடிய காலமும் அல்ல அது.

பெர்லினில் அப்போது இத்தகைய எலும்புகளுக்கான பசியை உண்டாக்கியவர் ருடால்ஃப் விர்ஹோ. நோய் என்பது உயிரணுவில் நிகழ்வது என்று 1858இல் நிறுவி நவீன மருத்துவத்தின் அடித்தளத்தை மாற்றியவர். பெர்லின் பல்கலைக்கழகத்தின் நோய்க்கூறியல் பேராசிரியர். 1869இல் பெர்லின் மானிடவியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். யாகோரின் பிலிப்பைன்ஸ் பயண நூலுக்கு, அங்கிருந்து வந்த மண்டையோடுகளைப் பற்றிப் பின்னிணைப்பு எழுதியவரும் அவரே. புற்றுநோயை ஆராய்ந்த அதே கை, அதே மேசையில், காலனி நாடுகளின் மண்டையோடுகளையும் அளந்தது. மருத்துவ அறிவியலும் இன அறிவியலும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆனால் விர்ஹோவை இனவாதி என்று ஒரு சொல்லில் முடித்துவிடவும் இயலாது. ஜெர்மன் பள்ளிக் குழந்தைகள் சுமார் 67 லட்சம் பேரின் முடி, கண், தோல் நிறத்தைக் கணக்கெடுத்து, ‘தூய ஜெர்மானிய இனம்’ என்று ஒன்று கிடையாது என்ற முடிவுக்கு வந்தவர் அவர். அளவுகோல் அவரிடம் இனத்தைக் கலைத்தது. அதே அளவுகோலை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டு என்ன செய்தது என்பதற்கு 1933க்குப் பிந்தைய ஜெர்மனி சாட்சி.

1899க்கும் 1905க்கும் இடையில் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரை முறையாகத் தோண்டினார். அந்த இடைவெளியிலேயே, 1903–04இல், பாரிசிலிருந்து லூயி லாபிக் வந்து ஒரு பங்கைத் தோண்டிக்கொண்டு போனார். லாபிக் உடலியல் அறிஞர். பின்னாளில் ஸோர்போன் பேராசிரியர். நரம்பு எப்படித் தூண்டுதலைச் சேர்த்துவைத்துத் திடீரென்று வெளிவிடுகிறது என்று 1907இல் அவர் தந்த கணக்கு மாதிரியை மூளை ஆய்வாளர்கள் இன்றும் பாடத்தில் வைக்கிறார்கள். அவர் தென்னிந்தியாவுக்கு வந்தது ‘நீக்ரிட்டோ’ இனத்தின் தடயத்தைத் தேடி. நரம்பைப் பற்றி எழுதியது நிலைத்தது. இனத்தைப் பற்றித் தேடியது உதிர்ந்துபோனது. தாழியிலிருந்து எடுத்தது மட்டும் திரும்ப வரவில்லை.

2

செத்தவர்களை மட்டும்தான் அளந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், லண்டனில் மருத்துவம் படித்தவர், கருவிப் பெட்டியோடு ஊர் ஊராகப் போய் உயிரோடு இருந்தவர்களின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய சாதிகள்–பழங்குடிகள் நூலின் முன்னுரையில் அவரே ஒன்று எழுதுகிறார்: தங்களில் நல்ல மாதிரிகளைப் பிடித்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார் என்று வயநாட்டுப் பணியப் பெண்கள் பயந்தார்களாம். அவர் அதை வேடிக்கையாக எழுதினார். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. அந்தப் பெண்களுக்கு அருங்காட்சியகம் என்பது என்னவென்று சரியாகவே புரிந்திருந்தது.

ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளில் இரண்டு கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்தன. 1930இல் ஸாலி ஸுக்கர்மன் அவற்றைப் பற்றி எழுதியதைச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் உடற்கூறியல் பேராசிரியர் கிராஃப்டன் எலியட் ஸ்மித்தின் குறிப்பும் அதில் இருந்தது. ஒன்று ஆஸ்திரலாய்டு சாயல், மற்றது மத்தியதரைக்கடல் சாயல் என்ற முடிவு அங்கிருந்து கிளம்பி நம் வரலாற்றுப் பாடநூல்களில் குடியேறியது. இரண்டே இரண்டு மண்டையோடு. அதை வைத்து ஒரு நாட்டின் மக்கள் வரலாறு.

இந்த எலியட் ஸ்மித் யார்? உலக நாகரிகமெல்லாம் எகிப்திலிருந்து பரவியது என்று கடைசிவரை வாதிட்டவர். 1912இல் இங்கிலாந்தில் ‘கண்டெடுக்கப்பட்ட’ பில்ட்டவுன் மண்டையோட்டின் மூளை வார்ப்பை ஆராய்ந்து, ஆதிமனிதனுடையது என்று நம்பியவர்களில் ஒருவர். அது மனித மண்டையோட்டையும் குரங்கின் தாடையையும் சேர்த்துச் செய்த மோசடி என்று 1953இல் அம்பலமானது. தன் வீட்டுக் கொல்லையில் கிடைத்ததில் ஏமாந்த கண்தான், நம் தாழிக்குள் இருந்தவரின் குலம் கோத்திரத்தைச் சொன்ன கண். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. எதிர்பார்ப்பது எலும்பில் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த அறிவியலுக்கு உள்ளேயே நுழைந்து அதைத் திருப்பிப் போட்டவர் அம்பேத்கர். 1948இல் வெளியான ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில், குர்யே தொகுத்த மூக்கு அளவுகளையே எடுத்துக்கொண்டு, இந்த அளவை நம்பத்தக்கது என்று நீங்களே சொல்வதானால் பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனம் என்றுதான் ஆகிறது என்று காட்டினார். எதிரியின் தராசில் எதிரியின் சரக்கையே நிறுத்துக் காட்டிய செயல் அது. சாதியை இனமாக மொழிபெயர்க்கும் சொல்லாடல் அன்றைக்கே உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை.

3

இனி கொந்தகை. கீழடியில் 2014இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை 2017–18 முதல் மாநிலத் துறை நடத்தியது. கீழடி வாழ்விடம், கொந்தகை அவர்களுடைய இடுகாடு என்ற நிலையில், 2020இல் கொந்தகைத் தாழிகள் திறக்கப்பட்டன. எலும்புகளை ஆராய்வது மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணுவியல் துறை. மண்டையோடுகளின் ஸ்கேன் பதிவுகள் லிவர்பூலுக்குப் போயின. யாகோர் காலத்துக்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம் இங்கேதான்: இம்முறை கேட்டது நாம்.

முகம் எப்படி வருகிறது? கணினிக்குள் மண்டையோட்டை முப்பரிமாணத்தில் நிறுத்துகிறார்கள். எலும்பில் தசை ஒட்டியிருந்த தடங்களைப் பார்த்துத் தசைகளை ஒவ்வொன்றாக வைக்கிறார்கள். நெற்றி, கன்னம், தாடை என்று ஒவ்வோர் இடத்திலும் சதையின் கனம் எவ்வளவு என்பதற்கு இன்றைய மனிதரிடம் எடுத்த சராசரிகள் உண்டு. மூக்கின் வடிவத்தை மூக்குத் துளையின் எலும்பு ஓரளவு சொல்லும். உதட்டைப் பற்றிப் பற்கள் ஓரளவு சொல்லும். காதைப் பற்றி அநேகமாக ஒன்றும் சொல்லாது. தோல் நிறம், கண் நிறம், முடி ஆகியவற்றை மண்டையோடு சொல்லவே சொல்லாது. கொந்தகை முகங்களுக்கு நிறம் வந்தது இன்றைய தென்னிந்தியர்களிடமிருந்து. ஆக, ‘நம்ம பக்கத்து மொகந்தான்’ என்று பெரியப்பா கண்டுகொண்டதில் ஒரு பாதியை நம் பக்கத்திலிருந்தே எடுத்துத்தான் அங்கே பூசியிருக்கிறார்கள். கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் படம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இது மோசடி அல்ல. செய்தவர்கள் இந்த வரம்பை மறைக்கவுமில்லை. ஆனால் முகம் என்று ஒன்று வந்துவிட்டால் வரம்பு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? முகச்சாயலில் தென்னிந்தியக் கூறுகள் மேலோங்கியிருப்பதோடு மேற்கு யுரேசிய, ஆஸ்திரோ-ஆசியச் சாயலும் உண்டு என்று ஆய்வாளர்கள் சொன்னது செய்தியானது. 1930க்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். அன்றும் இரண்டு மண்டையோடு. அன்றும் ஆஸ்திரலாய்டு, மத்தியதரைக்கடல். 95 ஆண்டுகளில் கருவி முற்றிலும் மாறிவிட்டது. பதிலை வைக்கும் பெட்டிகளின் பெயர்கள் மட்டும் லேசாக மாறியிருக்கின்றன.

நம் நண்பர்கள் பலர் அந்த முகங்களைப் போஸ்டராக்கி ‘இதோ தமிழன்’ என்று போட்டார்கள். கீழடியின் தொன்மையை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், 2023 ஜனவரியில் தரப்பட்ட 982 பக்க அறிக்கையை 2025 மே மாதத்தில் திருத்தித் தரச்சொல்லித் திருப்பி அனுப்பிய சூழலில் அந்த ஆவேசம் புரிந்துகொள்ளக் கூடியதே. அதில் எனக்கும் பங்குண்டு. என்றாலும், மண்டையோட்டிலிருந்து இனப்பெருமையைக் கறந்தெடுக்கும் வேலையில் நாம் யாருடைய பழைய வாத்தியத்தை வாசிக்கிறோம் என்று ஒருமுறை நின்று யோசிப்பது நல்லது.

4

மரபணு வந்துவிட்டது, இனி எல்லாம் தெளிவாகிவிடும் என்கிறார்கள். வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணில் மரபணு சீக்கிரம் சிதைந்துபோகும். ராக்கிகடியில் 61 மாதிரிகளைச் சோதித்து ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயன்படும் அளவுக்குப் பெற முடிந்தது. 2019இல் அது வெளியானது. தாழி எலும்புகள் என்ன தரும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

உயிரோடிருப்பவர்களின் மரபணு மட்டும் ஏற்கெனவே ஒன்றைச் சொல்லியிருக்கிறது. மனித வேறுபாடுகளில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது, ‘இனங்களுக்கு’ இடையே இருப்பது சொற்பம் என்று 1972இலேயே ரிச்சர்ட் லெவோன்டின் காட்டினார். ஹைதராபாத் ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் முன்பு வரையிலான காலத்தில் இத்துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். அதன்பின் அகமணம் இறுகியிருக்கிறது.

கொந்தகை மனிதர்கள் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்தியவர்களாகக் கணிக்கப்படுகிறார்கள். அதாவது, அந்தக் கலப்புக் காலத்துக்குள் வாழ்ந்தவர்கள். அவர்கள் முகத்தில் பல சாயல் இருப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஆச்சரியப்பட வேண்டியது, அதற்குப் பிறகு கதவு எப்படிச் சாத்தப்பட்டது என்பதற்குத்தான். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் கேட்டது ‘எங்கிருந்து வந்தார்கள்’ என்று. நாம் கேட்க வேண்டியது ‘எப்போது, யாரால் பிரிக்கப்பட்டார்கள்’ என்று. உடனே கொந்தகையை ஏற்றத்தாழ்வற்ற பொற்காலம் ஆக்கிவிடவும் கூடாது. தாழி கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று தாழி சொல்லாது.

5

2019 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன் உடற்கூறியல் சேகரிப்பில் இருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை இலங்கை வேடர் தலைவரிடம் திருப்பித் தந்தது. பெற்றுக்கொள்ள அங்கே ஒருவர் இருந்தார். ஆதிச்சநல்லூரிலிருந்து போனவை திரும்பி வந்தால் யார் பெற்றுக்கொள்வது? அரசா, அருங்காட்சியகமா, எந்தச் சாதிச் சங்கமா? இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லாத வரை, கொடு என்று கேட்கும் குரலும் தழுதழுக்கத்தான் செய்யும். புறநானூற்றின் 256ஆம் பாட்டில் ஒரு பெண், கணவனுக்குச் செய்யும் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யும்படி குயவனிடம் கேட்கிறாள். தாழி என்பது அவளுக்கு ஆய்வுப் பொருள் அல்ல, ஓர் உறவு.

கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். போனபோது சொந்த ஊர் முற்றத்தில் நிற்பது போலிருந்தது. அந்த மாதிரி வீடுகளின் முகப்பைத் தாண்டி யார் யார் உள்ளே வரலாம் என்று வகுத்திருந்தவர்கள் நாங்கள் என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

திரும்பி வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். “அந்தக் கேள்வி கெட்டிப்படறதுக்கு முந்தின ஆளுக, பெரியப்பா. அப்ப எல்லாம் கலந்து கெடந்திருக்கு.” அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நம்பின மாதிரி தெரியவில்லை. எழுந்து நாலடி நடந்து, திரும்பி நின்று கேட்டார்:

“அப்பொ அவுக பொண்ணு எங்க எடுத்தாக?”

இதுவரை எந்த உடற்கூறியல் அறையிலும் கேட்கப்படாத, சரியான கேள்வி.