குதிகாலை அளந்தவர்கள்

ஓடிய காலை அளந்தார்கள்! கெண்டைக்கால் தசையை அளந்தார்கள்! குதிகால் எலும்பு எத்தனை நீளம் என்று அளந்தார்கள்! அளக்கப்பட்டவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழக மாணவர், ஜெஸ்ஸி ஓவன்ஸ். 1935-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள், முக்கால் மணி நேரத்திற்குள் மூன்று உலகச் சாதனைகளை முறியடித்து, நான்காவதொன்றைச் சமன் செய்த கறுப்பிளைஞர் அவர்.

வெள்ளை இளைஞன் வென்றால், "ஆகா, என்ன உழைப்பு, என்ன உள்ளவுறுதி!" என்பர். கறுப்பு இளைஞன் வென்றால், "எலும்பு அப்படி!" என்பர். கறுப்பருக்குக் குதிகால் எலும்பு நீளமாம், அதனாலேதான் பாய்கிறார்களாம்! அந்நாளில் கற்றோர் அவையிலேயே உலவிய கதை இது. ஹவார்ட் பல்கலைக் கழகத்தின் உடற்கூற்றியல் அறிஞர் மாண்டேக் காப், தாமும் கறுப்பர். கதையைக் கேட்டு அவர் கண்ணீர் வடிக்கவில்லை, கைகலப்புக்கும் நிற்கவில்லை, அளவுகோலை எடுத்தார். 1936-இல் முடிவை வெளியிட்டார். எந்தக் காலைக் காட்டிக் கதை கட்டினார்களோ, அந்த ஓவன்சின் காலே அவர்கள் வகுத்த "கறுப்பர் வகை"யைச் சேர்ந்ததாக இல்லை! கறுப்பு வீரர் அனைவருக்கும் பொதுவாய், வெள்ளையரிடம் காணப்படாததாய், ஓர் உடற்கூறும் இல்லை என்றார் காப்.

பொய் அன்றே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. பந்தாட்டக் களத்திற்குக் குடிபெயர்ந்தது.

அமெரிக்கர் காற்பந்து என்று சொல்வது, நாம் அறிந்த காற்பந்தன்று. கையால் எறிந்தும், ஏந்தியோடியும், மோதி வீழ்த்தியும் ஆடுவது. அங்கே கல்லூரிகளின் பெருமையே அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆகவே, பள்ளியில் ஆடும் பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தேடிப் பயிற்றாளர்கள் ஊர் ஊராய் அலைவர். உயரம் என்ன, எடை என்ன, உள்ளங்கை எவ்வளவு, நாற்பது கஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான், தோள் இன்னும் அகலுமா என்றெல்லாம் கணக்கெடுத்து, தேறியவனுக்கு உதவித்தொகை தந்து அழைத்துச் செல்வர்.

கணக்கெடுப்பதைக் குறை சொல்வதற்கில்லை. தராசு பொய் சொல்லாது. ஆனால், தராசு காட்டாததையும் தராசின் பேரால் சொன்னார்களே, அதைத்தான் கேட்கிறோம்!

தெற்கு மாநிலங்களிலே நெடுங்காலம் தராசையே எடுக்கவில்லை. தோலைப் பார்த்தனர், கதவை அடைத்தனர். டெக்சஸ் மாநிலத்துப் போமாண்ட் நகரில் வளர்ந்தான் பப்பா ஸ்மித் என்னும் பேருருவ இளைஞன். தன் மாநிலப் பல்கலைக் கழகம் அவனுக்கு இடந்தரவில்லை. வடக்கேயிருந்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகப் பயிற்றாளர் டஃபி டாகர்ட்டி கைநீட்டி அழைத்துக் கொண்டார். தென்கரோலினாவிலிருந்து ஜார்ஜ் வெப்ஸ்டர், டெக்சசிலிருந்து ஜீன் வாஷிங்டன் என, தெற்கு தள்ளியவர்களை வடக்கு அள்ளியது. 1967-இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படுத்தித் தேர்ந்தபோது, முதல் எட்டுப் பேரில் நால்வர் அந்த ஒரே கல்லூரியினர், நால்வரும் கறுப்பர், முதலாமிடம் பப்பா ஸ்மித்துக்கு! எலும்பை எடைபோடத் தெரிந்தவர்கள் என்று மார்தட்டிய தெற்கத்தியப் பயிற்றாளர்கள், தம் கொல்லையிலே விளைந்ததைக் காணாத குருடர்களாய் நின்றனர். டெக்சஸ் பல்கலைக் கழகமோ 1969-இலும் முழு வெள்ளை அணியோடுதான் வாகை சூடியது.

1970 செப்டம்பர் 12. அலபாமாவின் பர்மிங்காம் நகரம். வெள்ளையர் மட்டுமே களமிறங்கிய அலபாமா அணியைத் தென் கலிபோர்னியா அணி 42-21 என வீழ்த்தியது. சாம் கன்னிங்காம் என்னும் கறுப்பர் 135 கஜம் ஏந்தியோடினார். அந்த ஒரே ஆட்டத்தால் தெற்கு திருந்தியது என்று கதை சொல்வோருண்டு. அவ்வளவு எளிதாக ஆதிக்கம் திருந்துமா? வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பு மாணவரை அலபாமா அதற்கு முன்பே சேர்த்துவிட்டிருந்தது. வழக்கு மன்றமும் வீதிப் போராட்டமும் தட்டித் தட்டித் தளர்த்திய கதவு அது.

கதவு திறந்தது. உள்ளே நுழைந்தவனை எங்கே நிறுத்தினர்? அங்கேதான் பழைய குதிகால் மறுபடி முளைத்தது!

அணியின் மூளையாய் நின்று, எதிரியின் வியூகத்தை நொடியில் படித்து, பந்தை எறிபவன் குவார்ட்டர்பேக். பள்ளியிலே அவ்விடத்தில் ஆடிப் புகழ்பெற்ற கறுப்பு மாணவர் பலரிடம், "உனக்குக் கால் நன்றாயிருக்கிறது, ஓரத்தில் நின்று ஓடு" என்றனர். சிந்திக்கும் இடம் வெள்ளையனுக்கு. ஓடும் இடம் கறுப்பனுக்கு. தலையில் பிறந்தவன் ஓத, காலில் பிறந்தவன் உழைக்க என்ற பாட்டைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதா? ராகம்தான் வேறு!

வாரன் மூன் என்பவர் 1978-இல் ரோஸ் பவுல் போட்டியில் தம் கல்லூரிக்கு வெற்றி தேடித் தந்து, சிறந்த வீரராகவும் தேர்வு பெற்றார். ஆயினும் அவ்வாண்டுத் தேர்வுப் பட்டியலில் அவர் பெயரில்லை. கனடாவுக்குச் சென்றார், 1978 முதல் 1982 வரை ஐந்தாண்டும் அவர் அணிக்கே கோப்பை. கால் நூற்றாண்டுக்குப் பின், 2006-இல், அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்ற முதல் கறுப்புக் குவார்ட்டர்பேக் அவரே.

1988 சனவரி 15-ஆம் நாள், ஜிம்மி ஸ்நைடர் என்ற தொலைக்காட்சி விமரிசகர், கறுப்பரின் தொடை வலிமைக்குக் காரணம், அடிமை முதலாளிகள் பொலிகாளை போல் அவர்களை இணைசேர்த்து வளர்த்ததுதான் என்று உளறினார். நிலையம் அவரை வெளியேற்றியது. பதினாறு நாள் சென்றது. சனவரி 31. சூப்பர் பவுல் இறுதியாட்டம். கறுப்பருக்கென எழுந்த கிராம்ப்ளிங் கல்லூரியில் பயின்ற டக் வில்லியம்ஸ், முழங்கால் வலியோடு திரும்பி வந்து, இரண்டாம் கால்பகுதியிலே மட்டும் நான்கு முறை எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பித்தார். 42-10! வென்றது தொடையா?

இத்துடன் முடிந்ததென்று எண்ணிவிடாதீர், தோழர்களே! மோதி மோதி மூளை நலிந்த பழைய வீரர்களுக்கு இழப்பீடு தர, தொழில்முறை அமைப்பு ஓர் உடன்பாடு கண்டது. நினைவும் அறிவும் எவ்வளவு தேய்ந்தன என்று சோதித்துத் தொகை தருவார்கள். அந்தச் சோதனையிலே கறுப்பருக்குத் தனிக் கணக்கு! கறுப்பனின் அறிவு தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக் கொண்டனர். ஆகவே, ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில், வெள்ளையன் நோயாளி, கறுப்பன் நலமாயிருப்பவன்! இரு முன்னாள் வீரர்கள் 2020-இல் வழக்குத் தொடுத்தனர். 2021-இல் அந்தக் கணக்கைக் கைவிடுவதாக அமைப்பு அறிவித்தது. மறு ஆண்டு நீதிமன்றம் மாற்றத்தை ஏற்றது. தள்ளப்பட்ட கறுப்பு வீரர்களின் மதிப்பெண்கள், தோலைப் பாராமல் மீண்டும் கூட்டப்பட்டன.