இலத்திரனின் மூன்றிலொரு பங்கு: ஒரு வரலாற்று நோக்கு

லிந்துலை மலைச்சாரலில், மழைக்காலத்து இரவில் லயத்துத் தகரக் கூரையின் கீழிருப்போர், வெளியே எட்டிப் பாராமலே மழையின் தன்மையைச் செவியால் அறிவர். பெருந்துளி விழின் கூரை அதிரும். அதே அளவு நீர் தூறலாய் இறங்கின் மெல்லிய இரைச்சலே எழும். நீரின் மொத்தம் ஒன்றேயாயினும் துளியின் பருமனை ஓசை காட்டிக்கொடுக்கும். இவ்வெளிய உண்மையே பௌதிகவியலின் அரியதொரு வழக்கைத் தீர்த்து வைத்தது.

அவ்வழக்கு யாது? இலத்திரனின் மின்னேற்றம் பின்னமாகத் தோன்றுதல் கூடுமா என்பதே. 1897இல் தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தார். 1909இல் மில்லிக்கன் தொடங்கிய எண்ணெய்த்துளிச் சோதனைகள், மின்னேற்றம் யாவும் ஓர் அடிப்படை அலகின் முழுமடங்குகளே என நிறுவின. அவ்வலகு பகுக்கவொண்ணாதது என உலகம் ஏற்றது.

மின்னோட்டம் செல்லும் தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் அமையின், ஓட்டத்துக்குக் குறுக்கே அழுத்தவேறுபாடு தோன்றும் என்பதை 1879இல் எட்வின் ஹோல் கண்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1980இல், கிரெனோபிள் நகரில் கிளவுஸ் வொன் கிளிட்சிங் இவ்விளைவை மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஆராய்ந்து, கடத்துதிறன் முழுவெண் படிகளாக உயர்வதைக் கண்டார். 1982இல் சூயி, ஸ்டோர்மர், கொசார்டு ஆகியோர் மேலும் தூய படிகத்தில் மூன்றிலொன்று என்னும் படியைக் கண்டு திகைத்தனர். மறு ஆண்டில் லாப்லின் விளக்கம் தந்தார். இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளியவாறே ஒரு புதுவகைப் பாய்மமாக ஒருங்கிணைகின்றன. அப்பாய்மத்தில் எழும் சலனம் மூன்றிலொரு மின்னேற்றமுடைய போலித் துணிக்கையாக ஒழுகும் என்றார்.

எனினும் ஐயம் அகலவில்லை. கடத்துதிறன் பின்னமாதல் வேறு, மின்னேற்றம் பின்னமாதல் வேறு. தோட்டத்துச் செக்றோலில் 'அரைப் பேர்' பதிவதுண்டு. அதனால் அரை ஆள் மலைக்குச் சென்றான் என்று எவரும் பொருள்கொள்ளார். மூன்றிலொன்று என்பதும் வெறும் கணக்குச் சராசரியாய் இருத்தல் கூடாதோ? இதே வினாவை வேறொரு களத்தில், ஒருபரிமாணச் சங்கிலியில் தோன்றும் அரை மின்னேற்றம் பற்றி, இந்திய அறிஞர் இராஜாராமனும் ஜோன் பெல்லும் 1982இல் எழுப்பினர். அது சராசரியன்று, திட்டமான பெறுமானமே என்பது அவர்தம் முடிபு. ஆயின் அது கணிதத்தின் தீர்ப்பு. சோதனையின் தீர்ப்பு இனித்தான் வரவேண்டியிருந்தது.

அதற்கு வழிவகுத்தது சுரங்கவழிச் செல்லுதல் என்னும் நிகழ்ச்சி. ஏறிக் கடக்கவியலாத தடையினூடே புகுந்து துணிக்கை மறுபுறம் தோன்றுதலே அது. பாய்மத்தை ஓரிடத்தில் ஒடுக்கினால், போலித் துணிக்கைகள் ஒவ்வொன்றாக ஒரு விளிம்பினின்று எதிர்விளிம்புக்குத் தாவும். தனித்தனியே தாவும் ஏற்றங்களால் ஓட்டத்தில் இரைச்சல் எழும்; அவ்விரைச்சல் ஒவ்வோர் ஏற்றத்தின் பருமனுக்கும் விகிதசமமாகும் என 1918இலேயே சொட்கி காட்டியிருந்தார். 1997இல் இஸ்ரேலின் வைசுமன் நிலையத்தில் ஹைப்ளம் குழுவினரும், பிரான்சின் சக்லேயில் கிளாட்லி, சமினாதயார் முதலியோரும் தனித்தனியே அளந்தனர். இரு குழுவினரும் கண்டது மூன்றிலொரு பங்கே. துளி சிறிதென்பதை இரைச்சலே உரைத்தது.

1999இல் எஞ்சிய ஐயமும் நீங்கியது. கடத்துதிறன் ஐந்திலிரண்டாயிருந்த நிலையில் அளந்தபோது, துணிக்கையின் ஏற்றம் ஐந்திலொன்றாகவே காணப்பட்டது. கடத்துதிறனும் ஏற்றமும் வெவ்வேறென்பது வெளிப்படையாயிற்று.

இவற்றால் மில்லிக்கன் பொய்த்தாரல்லர். 2000ஆம் ஆண்டில் ஹைப்ளம் குழுவினர் இடுக்கை மேன்மேலும் நெருக்கியபோது, தாவும் ஏற்றம் மூன்றிலொன்றிலிருந்து முழு இலத்திரனை நோக்கி வளர்ந்தது. பாய்மம் இடையறாதிருக்கும்வரையே பின்னம் கடந்து செல்லும். பாய்மம் அறுந்த இடத்தில் முழு இலத்திரனே தாவவல்லது. ஆகவே இலத்திரன் எங்கும் துண்டாடப்படவில்லை. மூன்றிலொன்று என்பது தனி இலத்திரனின் உடைமையன்று. எண்ணிறந்த இலத்திரன்கள் கூடி வாழும் கூட்டத்தின் உடைமை.

1989இல் அக்கூட்டு வாழ்வின் பல பின்னங்களை ஒரே கொள்கையால் விளக்கியவர், இராஜஸ்தானிற் பிறந்த ஜைனேந்திர ஜெயின். அவருக்கும் ஹைப்ளம், ஐசன்ஸ்டைன் ஆகியோருக்கும் 2025இல் வொல்ப் பரிசு வழங்கப்பெற்றது. ஏட்டில் எழுதிய பின்னம் மெய்ப்பொருளே என மெய்ப்பிக்க, 1982 முதல் 1997 வரை பதினைந்து ஆண்டுகள் சென்றன. கணக்கு இசைந்தது என்பதால் அமைதியுறாது, துளியையே எண்ணிப் பார்க்கத் துணிந்தமையே அவ்வறிஞர்தம் பெருமை.