மாரியப்பன் தாண்டிய உயரம்

பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்த மீனவக் கிராமங்களில், விபத்திலோ நோயிலோ கால் ஊனமுற்ற பிள்ளையை நாம் எங்கே அமர்த்துகிறோம்? வீட்டுத் திண்ணையில், அல்லது கடைப் பலகையில். அஸர் தொழுகைக்குப் பின் மற்றப் பிள்ளைகள் மணலில் பந்து விளையாட, அவர்களுடைய செருப்புகளுக்கும் சட்டைகளுக்கும் காவலிருப்பது அவன் பங்கு. இதனை நாம் கொடுமை என்று கருதுவதில்லை. இரக்கம் என்றே கருதுகிறோம்.

இவ்வகை இரக்கம் மிகப் பழமையானது. ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹத் போருக்குப் படை புறப்பட்டபோது, கால் ஊனமுற்றிருந்த அம்ர் இப்னு அல்ஜமூஹ் (ரலி) அவர்களை அவருடைய புதல்வர்களே தடுத்தார்கள். 'உங்கள் மீது கடமையில்லையே' என்பது அவர்களின் வாதம். மார்க்கச் சட்டப்படி அது சரியும்கூட. அவர் நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார். கடமையில்லை என்பதை நபியவர்களும் உறுதிப்படுத்தினார்கள். ஆயினும் அவரைத் தடுக்க வேண்டாமெனப் புதல்வர்களிடம் கூறினார்கள். சலுகை வேறு, தடை வேறு. மதரஸாவில் பாடமாக இருக்கும் இந்த நுட்பம் திண்ணை வரை வந்து சேரவில்லை.

நவீன விளையாட்டு வரலாற்றில் இதனை உணர்ந்து செயல்பட்டவர் லுட்விக் குட்மன் என்னும் மருத்துவர். நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூதர். ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், போரில் முதுகுத்தண்டு முறிந்தவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பிச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, கையில் வில்லைக் கொடுத்தார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 1948 ஜூலை 29 அன்று, 16 பேர் அங்கே அம்பெய்தனர். பாராலிம்பிக் இதிலிருந்து வளர்ந்ததே. 1965 போரில் குண்டடிபட்ட நம் இராணுவக் குத்துச்சண்டை வீரர் முரளிகாந்த் பேட்கர், பிறகு நீச்சலுக்கு மாறி, 1972-இல் ஹைடல்பர்கில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார்.

பேட்கர் வளர்ந்த பின் வேறு விளையாட்டைக் கண்டவர். பதின்ம வயதிலேயே கண்டவர் நம் மாநிலத்தின் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995-இல் பிறந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து மோதி, வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. உடல் வளர்ந்தது, அந்தக் கால் வளரவில்லை. தாயார் சரோஜா கூலி வேலை செய்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். மருத்துவத்துக்காக வாங்கிய கடன், மகன் உலகப் புகழ் பெற்ற ஆண்டிலும் தீர்ந்திருக்கவில்லை.

பள்ளியில் அவர் விரும்பி ஆடியது வாலிபால். அவருடைய துள்ளலைக் கவனித்த உடற்கல்வி ஆசிரியர், உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். 'பாவம், ஓரமாய் உட்காரட்டும்' என்று அந்த ஆசிரியர் சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ ஊனத்தைப் பார்க்காமல் துள்ளலைப் பார்த்தார். உயரம் தாண்டுதலின் விதியே ஒற்றைக் காலால் எழும்ப வேண்டும் என்பதுதானே! 14 வயதில், ஊனமற்ற மாணவர்களோடு போட்டியிட்ட மாரியப்பன் இரண்டாம் இடம் பெற்றார்.

அதன் பின் பெங்களூரில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவிடம் கற்றது, 2016 செப்டம்பரில் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றது, டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம் என யாவும் நாடறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாத ஒன்றுண்டு. ரியோவில் வென்றதற்கு அரசு அறிவித்த பரிசு 2 கோடி ரூபாய். கிடைத்த பரிசுத் தொகையிலிருந்து 30 லட்சத்தைத் தாம் படித்த அரசுப் பள்ளிக்குத் தருவதாக மாரியப்பன் அறிவித்தார். தம்மைத் தாண்டச் சொன்ன இடம் எதுவென அவர் அறிந்திருந்தார்.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உயரம் தாண்டப் பழகத் தொடங்குவதற்கு இரண்டு கம்பமும் குறுக்கே ஒரு கழியும் விழுவதற்கு மணலும் போதும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு மணலுக்குப் பஞ்சமில்லை.